வழியறிந்த செல்கள்

போலியோ சொட்டு மருந்து வழங்கும் நாளில் நைனார்பாளையத்துத் தாய்மார் குழந்தைகளை இடுப்பில் ஏந்தி முகாமுக்கு வருவர். குழந்தையின் வாயில் விழுபவை இரண்டே சொட்டுகள். தடுப்பு மருந்துகள் பலவும் கையிலோ தொடையிலோ ஊசியாகச் செலுத்தப்பட, இம்மருந்தை வாய்வழியாகத் தருவது ஏன்? ஊசி வலி இல்லை என்பது ஒரு வசதியே. முதன்மையான காரணம் குடலில் இருக்கிறது.

சிறுகுடலின் உட்பரப்பைப் போர்த்தியிருப்பது எபிதீலியத் திசு. அது ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. உணவின் சத்தை உள்ளே விடவும் கிருமியை வெளியே நிறுத்தவும் வேண்டிய இரட்டைப் பணி அதனுடையது. இத்துணை மெல்லிய சுவருக்குக் காவல் தேவை. காவல் செய்யும் வெள்ளையணுக்களோ உடல் முழுவதும் குருதியில் சுற்றி வருபவை. தாம் இறங்கவேண்டிய இடம் குடல்தான் என்பதை அவை எவ்வாறு அறிகின்றன?

மீன் வறுக்கும் மணம் பூனையை அடுப்படிக்கு இழுப்பதை நாம் கண்டிருக்கிறோம். மணம் மிகும் திசையே அதற்கு வழி. திசுக்கள் சுரக்கும் கீமோகைன்கள் என்னும் சிறு புரதங்களும் இவ்வாறே செயல்படுகின்றன. வெள்ளையணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அவற்றை உணர்கின்றன. குருதிக்குழாயின் சுவரில் உருண்டு செல்லும் அணு, தனக்குரிய கீமோகைனை உணர்ந்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பின் சுவரின் இடுக்கில் நுழைந்து திசுவை அடைகிறது. சிறுகுடல் எபிதீலியம் சுரப்பது சி.சி.எல்.25 என்னும் கீமோகைன். அதை உணரும் ஏற்பி சி.சி.ஆர்.9. இவ்வேற்பி இல்லாத அணு பெரும்பாலும் குடலைக் கடந்து போய்விடும்.

இந்த ஏற்பி எல்லா அணுக்களுக்கும் பிறவியிலேயே அமைவதன்று. குடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளில் கிருமியின் அடையாளத்தைக் கற்கும் லிம்போசைட்டுகளே அதைப் பெறுகின்றன. அங்குள்ள டெண்ட்ரைட்டிக் செல்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உருவாக்கி, அதன்வழியே குடலின் முகவரியைப் பதிக்கின்றன. முருங்கைக்கீரை இவ்வளவு தொலைவுக்கு உதவுமென்று யார் நினைத்திருப்பார்!

போலியோ வைரஸ் குடலில் பெருகி, சிலருக்கு நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. ஊசி மருந்து குருதியில் எதிர்ப்பொருளை உண்டாக்கிக் குழந்தையின் கைகால்களைக் காக்கும். ஆனால் ஊசி மட்டுமே பெற்ற குழந்தையின் குடலில் வைரஸ் பெருகி, மலத்தின்வழியே பிறருக்குப் பரவ இடமுண்டு. சொட்டு மருந்து குடலிலேயே காவலை எழுப்புகிறது. எனினும் அக்காவல் நாளடைவில் தளர்கிறது.

இதற்குத் தீர்வு தேடிய ஆய்வொன்று வேலூரில் நடந்தது. முடிவுகள் 2014இல் வெளிவந்தன. முன்பே பலமுறை சொட்டு மருந்து பெற்றிருந்த, 1 முதல் 4 வயதுடைய 450 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். பாதிப்பேருக்கு ஓர் ஊசி போடப்பட்டது. நான்கு வாரங்களுக்குப் பின் அனைவருக்கும் சொட்டு மருந்து கொடுத்து மலத்தைச் சோதித்தனர். மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றியவர் ஊசி பெறாதோரில் 26 விழுக்காடு. பெற்றோரில் 8 விழுக்காடு. கையில் போட்ட ஊசி குடலைக் காத்தது வியப்பே. முன்னர்ச் சொட்டு மருந்தால் குடலின் வழியைக் கற்றிருந்த நினைவுச் செல்களை ஊசி தட்டியெழுப்பியது என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம். சொட்டு மருந்தே பெறாத குழந்தைக்கு ஊசி மட்டும் இத்தகைய குடற்காவலைத் தருவதில்லை. 2015 நவம்பரில் இந்தியா தன் தடுப்பு மருந்து அட்டவணையில் சொட்டு மருந்துடன் போலியோ ஊசியையும் சேர்த்தது.