கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஸ்லைடு

சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைய எனக்கு இருபது நிமிடம் பிடிக்கும். முதலில் புறத்தோல், அதை ஒட்டிப் புறணி, பிறகு கலர் சாக்பீஸில் வளையமாக வாஸ்குலக் கற்றைகள், நடுவில் பித். நான் வரைய வரையப் பிள்ளைகளும் நோட்டில் வரைந்துகொண்டே வருவார்கள். வகுப்பறைக்குப் புரொஜெக்டர் வந்த வருடம் அந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து, எல்லாப் பாகங்களும் பெயரோடு இருந்த புத்தகப் படத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஸ்லைடில் போட்டேன். பாடம் சீக்கிரம் முடிந்தது. மாதத் தேர்வில் பாதிப் பேர் கற்றைகளை வளையமாகப் போடாமல் தண்டு முழுக்கச் சிதறவிட்டிருந்தார்கள். அது மக்காச்சோளத் தண்டு, ஒருவிதையிலை.

அந்த விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. கரும்பலகையில் எது முதலில், எது பிறகு என்ற வரிசை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஸ்லைடில் எல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்ததால் கண் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

இப்போது அதே படத்தைத் துண்டு துண்டாகப் போடுகிறேன். முதல் க்ளிக்கில் வெறும் வட்டம். அடுத்த க்ளிக்கில் புறணி. கற்றைகள் வருவதற்கு முன்னால், "எங்கே வரும், எப்படி அடுக்கியிருக்கும்?" என்று கேட்டு, நோட்டில் வரையச் சொல்லிவிட்டு, அவர்கள் தலை நிமிர்ந்த பிறகுதான் க்ளிக். அனிமேஷனில் 'அப்பியர்' ஒன்று போதும். பறந்து வருவதும் சுழன்று வருவதும் பாடத்துக்கு உதவுவதில்லை. இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ஆய்வகத்தில் பிள்ளைகள் பிளேடால் சீவி, சாஃப்ரனின் சாயமேற்றிய துண்டை மைக்ராஸ்கோப்பின் கண்ணருகு லென்ஸ் வழியாகவே செல்போனில் படமெடுத்து, அடுத்த வகுப்பில் அதையே காட்டுகிறேன். சைலம் சிவப்பாகத் தெரியும். ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும். ஆனால் "மேடம், அது நான் வெட்டினது" என்று ஒரு குரல் வந்துவிட்டால், அன்றைக்கு வகுப்பில் யாரும் ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை.

எழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பு. ஸ்லைடில் பத்தியை அடைத்து அதையே வாய்விட்டு வாசிப்பதைப் போல வகுப்பைச் சோர வைப்பது வேறில்லை. பேச்சோடு படம் இருந்தால் மனத்தில் பதிகிறது, அதே பேச்சைத் திரையிலும் எழுத்தாக ஓடவிட்டால் கற்றல் குறைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார். வகுப்பில் நான் கண்டதும் அதுதான். கண் வாசிக்கப் போனால் காது மூடிக்கொள்கிறது. சொல்ல வேண்டியதை ஸ்லைடுக்குக் கீழே 'நோட்ஸ்' பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். பிரசன்டர் வியூவில் அது உங்களுக்கு மட்டும் தெரியும்.

முக்கியமானது பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆய்வு மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் கொலம்பியா விண்கலத்தைச் சொல்கிறேன். 2003 ஜனவரியில் அது கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஆபத்து எவ்வளவு என்று பொறியாளர்கள் ஸ்லைடுகளில் விளக்கினார்கள். பழைய சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதோ சுமார் 1920 கன அங்குலம். இந்த ஒப்பீடு ஒரு ஸ்லைடின் அடியில், உள்வரிக்குள் உள்வரியாகப் பொடி எழுத்தில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் திரும்பி வரவில்லை. விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை அந்த ஸ்லைடையும் எடுத்துவைத்து விமரிசித்தது. நம் வகுப்பில் உயிர் போகாது என்றாலும், கண்டுபிடிப்பைக் கடைசி வரியில் புதைக்கும் பழக்கம் அதேதான்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு கருத்தரங்கில் பாமினி எழுத்துருவில் செய்த என் ஸ்லைடுகளை அங்கிருந்த கணினியில் திறந்தபோது, தலைப்பு உட்பட எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. பாமினி யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கிலத் தட்டச்சுதான். அன்றிலிருந்து யூனிகோடில் மட்டுமே அடிக்கிறேன், சேமிக்கும்போது ஃபாண்டைக் கோப்புக்குள்ளேயே பதிக்கிறேன், பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் நகலும் வைக்கிறேன். அளவு 28-க்குக் கீழே போவதில்லை. புள்ளியும் சுழியும் மங்கினால் தமிழில் சொல்லே மாறிவிடும். திரைச்சீலை இல்லாத அறையில் கறுப்புப் பின்னணி வெளிறிப்போகும். வெள்ளையில் கறுப்பு எழுத்தே தெளிவு. வகுப்புக்கு முன்னால் ஒருமுறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்லைடு ஓடும்போது 'பி' விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பும். விவாதம் சூடுபிடிக்கும்போது திரையை அணைத்துவிடுங்கள், முகங்கள் உங்கள் பக்கம் திரும்பும்.

என் ஆய்வு மாணவி ஒருத்தி வாய்மொழித் தேர்வுக்கு 62 ஸ்லைடுகளோடு வந்தாள். "ஒன்றே ஒன்றுதான் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவாய்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து 47-ஆவதைக் காட்டினாள், ஒரு வரைபடம். அதை மூன்றாவதாக்கினோம். பதினெட்டு ஸ்லைடோடு பேச்சை நிறுத்தி, மீதியில் தேவையானவற்றை முடிவுரைக்குப் பின்னால் வைத்து, எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். தேர்வாளர் ஒப்பீட்டுச் செடிகளின் அளவுகளைக் கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள், 31 அடித்து என்டரைத் தட்டினாள். அட்டவணை திரையில் வந்து நின்றது. தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தார்.