விரலுக்கேற்ற மோதிரம்

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. வரவுக்கு ஏற்ற செலவு வேண்டும் என்பதே அதன் கருத்து. அக்கருத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, பழமொழியின் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டால், அதில் ஓர் அளவியல் பாடம் அடங்கியிருப்பதைக் காணலாம். விரலின் பருமன் என்ன? அதை எவ்வாறு அளப்பது? அளந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? மோதிரம் வாங்கும் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினாக்கள் இவை.

கல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு இவ்வினாக்கள் மிகவும் வேண்டியவை. பௌபஜாரில் விபின் பிஹாரி கங்குலி தெருவின் இரு மருங்கிலும் நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. வங்கப் பொற்கொல்லரின் நுண்ணிய வேலைப்பாடு பெயர்பெற்றது. ஊரில் அக்காவுக்குத் திருமணம் உறுதியானால், “அங்கிருந்தே மாப்பிள்ளைக்கு ஒரு மோதிரம் வாங்கி வா, தம்பி” என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். கடை இங்கே இருக்கிறது. விரலோ தஞ்சையிலோ நெல்லையிலோ இருக்கிறது. இரண்டுக்கும் இடையே செல்லக்கூடியது ஓர் எண் மட்டுமே. அந்த எண் தவறினால், பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொன் மணமேடையில் விரலில் ஏறாது நிற்கும். அறுத்து ஒட்டிப் பெரிதாக்கலாம் என்பது உண்மையே. ஆனால், சுற்றிலும் கல் பதித்த மோதிரத்துக்கு அதுவும் பெரும்பாலும் இயலாது.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அறிவோம். மோதிரத்தின் அளவு என்பது அதன் உட்புறச் சுற்றளவே. ஐ.எஸ்.ஓ. 8653 என்னும் பன்னாட்டுத் தரம், இச்சுற்றளவை மில்லிமீட்டரில் சொல்வதையே அளவாகக் கொள்கிறது. உட்சுற்று 54 மில்லிமீட்டரானால் மோதிரத்தின் அளவும் 54 தான். நம் நாட்டுக் கடைகளில் வழங்கும் எண் இதனின்றும் வேறு. கடைக்காரர் சொல்லும் எண்ணுடன் 40ஐக் கூட்டினால், ஏறத்தாழ மில்லிமீட்டர் அளவு கிடைக்கும். 12ஆம் எண் என்றால் 52. 14ஆம் எண் என்றால் 54. அமெரிக்காவிலோ அதே 54 மில்லிமீட்டர் மோதிரத்தை 7ஆம் எண் என்பர். இங்கிலாந்தில் எண்ணே இல்லை. ஆங்கில எழுத்தால் குறிப்பர். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் தன் அளவு ‘ஏழு’ என்று சொல்ல, அதையே பௌபஜாரில் சொன்னால், 47 மில்லிமீட்டர் மோதிரம் வந்து சேரும். அது அவருடைய சுண்டுவிரலில் ஏறுவதும் ஐயமே. ஆதலின் கடை எண்ணை நம்பாமல், சுற்றளவு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்பச் சொல்வதே நன்று.

வளையலின் கணக்கு வேறு. ‘இரண்டு–நான்கு’, ‘இரண்டு–ஆறு’, ‘இரண்டு–எட்டு’ என்று நம் தாய்மார்கள் சொல்வது உள்விட்டத்தின் அங்குல அளவு. பின்னால் வரும் எண் அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்த பங்கு. இரண்டு–எட்டு என்றால் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை நம் நாட்டுக்கு வந்தது. பொன்னின் எடை கிராமுக்கு மாறிவிட்டது. வளையல் மட்டும் இன்னும் அங்குலத்தை விடவில்லை. மோதிரத்துக்குச் சுற்றளவு, வளையலுக்கு விட்டம் என்னும் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்க.

இனி, வீட்டிலேயே அளக்கும் முறையைக் காண்போம்.

மெல்லிய வெள்ளைத்தாளில் 5 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டையைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். நூல் வேண்டாம். நூல் சதையில் அழுந்தும், இழுத்தால் நீளும். தாள் நீளாது, மோதிரத்தைப் போலவே விரலில் தட்டையாகப் படியும். அப்பட்டையை விரலின் அடியில், மோதிரம் அமரும் இடத்தில் சுற்றுங்கள். இறுக்கக் கூடாது, தொய்வும் கூடாது. சுற்றிய பட்டை சற்று முன்பின் நகர வேண்டும், அதுவே அளவு. மேல்முனை அடித்தாளைத் தொடும் இடத்தில், கூர்மையான பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். பட்டையைப் பிரித்து, அளவுகோலின் மேல் விரித்து அளவிடுங்கள். பழைய மர அளவுகோலின் முனை தேய்ந்திருக்கும். ஆதலின், ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதுபோல, 1 சென்டிமீட்டர்க் கோட்டிலிருந்து தொடங்கிப் பின்னர் 10 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்வது நல்லது.

அடிவிரலை மட்டும் அளந்தால் போதாது. மோதிரம் நடுக்கணுவைக் கடந்துதான் அடிக்குச் செல்ல வேண்டும். ஆகவே, கணுவின் சுற்றளவையும் அவ்வாறே அளந்துகொள்ளுங்கள். அடியில் 53, கணுவில் 56 என்று வந்ததாகக் கொள்வோம். 53இல் செய்த மோதிரம் கணுவைத் தாண்டாது. 56இல் செய்தது அடியில் சுழலும். கணுவின் மேல்தோல் சிறிது இடங்கொடுக்கும் ஆதலால், 55 மில்லிமீட்டர், அதாவது கடைக் கணக்கில் 15ஆம் எண் பொருந்தும். போடும்போது கணுவில் சற்றே திருகி ஏற்ற வேண்டும். கழற்றும்போது சிறிது தடுக்க வேண்டும். பொருந்திய மோதிரத்தின் இலக்கணம் இதுதான். பட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற மோதிரமானால், இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். அகன்ற பட்டை அதிகச் சதையைப் பற்றும்.

முன்பே போட்டுப் பழகிய மோதிரம் ஒன்று இருந்தால் வேலை எளிது. பலர் அதன் வாயின் குறுக்கே அளவுகோலை வைத்து விட்டத்தை அளப்பர். இங்கே ஒரு சிறு கணக்கு. சுற்றளவு என்பது விட்டத்தின் 3.14 மடங்கு. கண்ணளவில் விட்டம் அரை மில்லிமீட்டர் தவறினால், சுற்றளவு 1.57 மில்லிமீட்டர் தவறும். அது கடைக் கணக்கில் ஒன்றரை எண். சுற்றளவையே நேராக அளப்போமானால், அதே அரை மில்லிமீட்டர்த் தவறு அரை எண்ணோடு நின்றுவிடும். ஆதலின், சற்றுத் தடித்த தாள்பட்டையைச் சுருட்டி மோதிரத்தின் உள்ளே விடுங்கள். அது விரிந்து உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முனை சேரும் இடத்தைக் குறித்து, வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். சுற்றளவு நேராகவே கிடைத்துவிடும்.

இத்தனையும் செய்த பின்னும், ‘அளவு முடிந்தது’ என்று சொல்லிவிட இயலாது. அளக்கப்படும் பொருளே மாறும் இயல்புடையது. பொன் வெப்பத்தால் விரியும் என்று படித்திருக்கிறோம். ஆனால், 54 மில்லிமீட்டர்ச் சுற்றுள்ள பொன் வளையம், வெப்பம் 20 பாகை கூடினாலும் 0.015 மில்லிமீட்டரே நீளும். கண்ணுக்குத் தெரியாத அம்மாற்றத்தை நாம் கருத வேண்டியதில்லை. விரல் அப்படியன்று. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்க, விரலும் மெலியும். வெப்பத்தில் அவை விரிய, விரல் பருக்கும். தை மாதத்துக் கல்கத்தாக் காலையில் கழன்று விழப்பார்க்கும் மோதிரம், மே மாதப் புழுக்கத்தில் நகர மறுக்கும். உப்பு மிகுந்த உணவு, நெடுந்தூர நடை, உடல்நிலை ஆகியவையும் விரலின் பருமனை மாற்றுவன.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து வீழ்வது நம் அகப்பாடல்களில் எத்தனை முறை வருகிறது! உடல் மெலிவை அளந்து காட்டும் கருவியாகவே புலவர்கள் வளையைக் கொண்டனர். காளிதாசரின் சாகுந்தலமும் விரலினின்று நீரில் நழுவிய ஒரு மோதிரத்தின் கதைதான். அது நழுவியதால் மன்னன் மனைவியை மறந்தே நின்றான். மீனின் வயிற்றிலிருந்து அது மீண்ட பிறகே நினைவும் மீண்டது.

மாறுவது விரல் மட்டுமன்று. அளப்பவர் கையும் வேறுபடும். விடுதியில் என் வலக்கை மோதிர விரலை நண்பர் மூவரைக் கொண்டு ஒரே மாலையில் அளக்கச் செய்தேன். ஒருவர் 55 என்றார். மற்றொருவர் 56 என்றார். பட்டையை இறுக்கிப் பிடித்த மூன்றாமவர் 54 என்றார். விரல் ஒன்று, தாள் ஒன்று, அளவுகோல் ஒன்று, விடைகளோ மூன்று.

சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடுதான், இதே கல்கத்தாவில் உலகம் போற்றும் ஒரு மாறுதலுக்குக் காரணமாயிற்று. குற்றவாளிகளை அடையாளம் காணப் பாரிசு நகரப் போலீசைச் சேர்ந்த அல்போன்சு பெர்த்தியோன் என்பவர், 1880களில் உடலளவு முறை ஒன்றை வகுத்தார். தலையின் நீளம், பாதத்தின் நீளம் முதலியவற்றோடு இடக்கை நடுவிரலின் நீளமும் அதில் ஓர் அளவு. 1890களில் வங்கப் போலீசின் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றி அம்முறையை இங்கே கொணர்ந்தார். ஆனால், கருவிகள் விலை மிகுந்தவை. அளப்பவருக்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஒவ்வோர் அளவையும் பன்முறை எடுக்க வேண்டும். அப்படியும் ஒருவர் எடுத்த அளவும் மற்றொருவர் எடுத்த அளவும் ஒத்துவரவில்லை. ஒரு முறை தவறாகப் பதிந்துவிட்டால், பிறகு அம்மனிதனை ஏட்டில் தேடிக் காண வழியில்லை.

அளவு மாறும் விரலிலேயே மாறாத ஒன்றும் இருந்தது, அதுவே ரேகை. 1858இலேயே வங்கத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தோடு கைப்பதிவையும் வாங்கியிருந்தார். ஹென்றியின் கீழ்ப் பணிபுரிந்த அசிசுல் ஹக், ஹேமசந்திர போசு என்னும் இரு வங்க இளைஞர்கள், ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கப் பெரிதும் உழைத்தனர். பத்து விரல்களின் பதிவுகளையும் 32க்கு 32 என 1024 அறைகளில் பிரித்து வைத்தால், வேண்டிய பதிவைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். 1897இல் இந்திய நில அளவைத் துறைத் தலைவர் ஸ்டிரஹானும், பிரசிடென்சி கல்லூரி முதல்வர் பெட்லரும் அடங்கிய குழு இரு முறைகளையும் ஒப்பிட்டு, ரேகை முறையே சிறந்தது என்று பரிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகை நிலையம் அமைந்தது.

ரேகை முறை வந்ததால் அளவே பயனற்றது என்று கொள்ளலாகாது. இன்னார் என்று அறிய ரேகை போதும். மோதிரம் செய்ய அளவு வேண்டும். எனவே, அளவை விட்டுவிட இயலாத நாம், அதன் குறையை அறிந்து அளக்க வேண்டும். இதற்கு நான் கொள்ளும் வழி இது: வேறு வேறு நாளில், வேறு வேறு வேளையில் மும்முறை அளக்க வேண்டும். கடுங்குளிரிலும், விளையாடி வந்த உடனேயும் அளக்கக் கூடாது. மூன்றையும் எழுதி வைத்து, நடுவில் நிற்கும் எண்ணைக் கொள்ள வேண்டும். ஊருக்கு எழுதும்போது “அளவு அனுப்புங்கள்” என்று மட்டும் எழுதாமல், எந்தக் கை, எந்த விரல், அடியில் எத்தனை, கணுவில் எத்தனை, எந்த வேளை என்று ஐந்தையும் கேட்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்க்கு இடக்கை விரலைவிட வலக்கை விரல் பெரும்பாலும் சற்றுப் பருத்திருக்கும். கையைக் குறிக்காத அளவு அரை அளவே.

பாதுகாப்புப் பற்றியும் ஒரு சொல். மோதிரம் தளர்ந்தால் போவது பொன். இறுகினால் விரலுக்கே கேடு. கையில் அடிபட்டால், வீக்கம் தோன்றும் முன்னரே மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய விரலில் சிக்கிக்கொண்டால், கையைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு தடவி மெல்லத் திருகிப் பார்க்கலாம். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்க; அங்கே மோதிரத்தை வெட்டி எடுத்துவிடுவர். வெட்டிய பொன்னை மீண்டும் ஒட்டலாம். விரலை அவ்வாறு செய்ய இயலாது. தொழிற்பட்டறையில் சுழலும் எந்திரங்களின் அருகே நிற்கும் பொறியியல் மாணவர்கள், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு தாள்பட்டையும் ஒரு பென்சிலும் அளவுகோலும் இருந்தால், இவ்வளவையும் எவரும் செய்யலாம். மூன்று முறை அளப்பதற்குச் சோம்பினால், பெற்றோர் அரிதில் சேர்த்த பொன் பெட்டிக்குள் உறங்கும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியின் விட்டத்தை ஐந்து இடங்களில் அளந்து சராசரி காணும் நாம், உடன்பிறந்தாள் மணத்துக்கு வாங்கும் மோதிரத்துக்கு அதில் பாதிக் கருத்தையாவது செலுத்துதல் வேண்டும் அன்றோ?