துண்டுப் பலகை மட்டமா?

போன மாதம் எங்கள் தோட்டக் கோயிலில் தேவார வகுப்புப் புத்தகங்களை அடுக்க ஓர் அலமாரி செய்யலாம் என்று இளைஞர் குழு முடிவு செய்து பலகை வாங்கி வந்தது. லோரியிலிருந்து இறக்கியதும் ஒரு பெரியவர் கையால் தடவிப் பார்த்தார். பலகை முழுக்கப் பல் பல்லாகக் கோடு.

"என்னடா தம்பி, துண்டு துண்டா ஒட்டுனதைத் தலையில கட்டிட்டான். சாமி காரியத்துக்கு இதையா வைக்கிறது?"

பையன்கள் முகம் வாடிப்போச்சு. அவர் சொன்னது பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் அது என்ன மரம்? நம்ம பால்மரம்தான். கேமரன் மலையின் உயரத்தில் ரப்பர் வராது, இங்கே தேயிலைதான். ஆனால் கீழே தாப்பா, பீடோர் பக்கம் பால் வெட்டிய சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. ஒரு பால்மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன் தரும். அதன்பின் வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். அப்படி வெட்டிய மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. 1960களில் பிறையில் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலையில் இரும்பு உருக்கியதே பால்மரக் கரியில்தான். இன்றைக்கு அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறுகிறது. மூவார் வட்டாரத்துத் தளவாடத் தொழிலுக்கு அதுதான் முதுகெலும்பு.

இந்த மாற்றத்துக்கு இரண்டு தடை இருந்தது. ஒன்று, பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடும். அதனால் அறுத்தவுடன் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். இரண்டாவது தடை நீளம். பால் வெட்டிய தழும்பு, கிளைக்கணு, வளைவு எல்லாம் கழித்தால் நல்ல கட்டை ஒரு முழம், இரண்டு முழம் என்றுதான் கிடைக்கும். அதைத் தூக்கி அடுப்பில் போடாமல் நீளமாக்கும் வழிதான் நீங்கள் பார்த்த பல் கோடு. தொழிலில் 'ஃபிங்கர் ஜாயிண்ட்' என்பார்கள், விரல் இணைப்பு.

ஏன் பல் வெட்ட வேண்டும், நேராக முட்டவைத்து ஒட்டினால் ஆகாதா? ஆகாது. மரம் என்பது நீளவாக்கில் கட்டிய உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி. வெட்டு முனையில் பசை தடவினால் குழாய்கள் அதைக் குடித்துவிடும். நாரும் நாரும் பக்கம் பக்கமாகத் தொடாது. கையால் மடக்கினாலே பட்டென்று விடும். பழைய ஆசாரிகள் இதற்காக இரண்டு முனையையும் நீளமாகச் சாய்த்துச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவார்கள். நல்ல முறைதான், ஆனால் மரம் வீணாகும். 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு ஒன்றுக்குப் பத்து என்ற சரிவில் 250 மில்லிமீட்டர் போய்விடும். துண்டே ஒரு முழம் இருக்கும்போது இது கட்டுப்படியாகுமா?

விரல் இணைப்பு அந்த ஒரே நீளச் சரிவைப் பல குட்டிச் சரிவாக மடித்து வைக்கிறது. 20 மில்லிமீட்டர் நீளப் பல், 6 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு பக்கம், அதாவது 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் ஒட்டும் முகம். நேர் முட்டைவிட ஆறு மடங்குக்கு மேல். அதோடு அந்த முகம் பெரும்பாலும் நாரின் பக்கவாட்டு. செலவானது 20 மில்லிமீட்டர் மரம் மட்டும்.

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்க. மிச்சத் துண்டு ஒன்றை, இணைப்பு நடுவில் வரும்படி இரண்டு செங்கல்மேல் வைத்து, உடையும்வரை பாரம் ஏற்றுங்க. (காலை விலக்கி நில்லுங்க!) உடைந்த இடத்தில் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை மரத்தைவிட உறுதியாகப் பிடித்திருக்கிறது. வழவழப்பாக, பசைப் பளபளப்போடு விட்டிருந்தால் அது மோசமான வேலை. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆக, துண்டு என்பதால் மட்டம் என்று பெரியவர் நினைத்தது தவறு. சாமி காரியம் என்ற கவலையும் இங்கே பொருந்தாது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் சிலைக்கு மரம் எடுக்கக் காட்டுக்குப் போவது பற்றித் தனி அத்தியாயமே இருக்கு. மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருப்பவை வேறிடம் போக வேண்டிக்கொண்ட பிறகே வெட்டணும். அது மூர்த்திக்கான விதி. புத்தக அலமாரிக்கு அந்த விதி இல்லை.

அவர் சந்தேகப்பட்டதில் சரியான பாதியும் உண்டு. இந்தப் பலகையை எங்கேயும் போடலாம் என்று பையன்கள் நினைத்திருந்தார்கள். மிச்சத்தில் கோயில் வாசலுக்கு ஒரு பெஞ்ச், விளக்கு மாட்ட ஓர் ஏணி என்று பட்டியலே தயார். நான் வேண்டாம் என்றேன். கடையில் கிடைக்கும் இந்தப் பலகையில் பெரும்பாலும் இருப்பது வீட்டுக்குள் பயன்படும் வெள்ளைப் பசை. நம்ம மலை மழையில் நனைந்து நனைந்து அது இளகும். வண்டுக்காக ஏற்றிய வெண்காரமும் மழைத்தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். ஆள் ஏறும் ஏணிக்குப் பாரம் தாங்கவென்றே சோதித்த மரம் வேண்டும். வாசல் பெஞ்சுக்கு இரும்புச் சட்டம் போட்டுக்கலாம்.

இன்னொன்று, கேமரன்காரர்களுக்கே உரிய தொல்லை. சூளையிலிருந்து வரும் பலகையில் ஈரம் 8 முதல் 12 விழுக்காடுதான். நம்ம பனிக்காற்றில் அது ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. வாங்கிய அன்றே அறுத்து இறுக்கமாகப் பொருத்தினால் கதவு சிக்கும், பலகை வளையும். அலமாரி நிற்கப்போகும் அதே அறையில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது விடுங்க. அறுக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடுங்க. தட்டின் நடுவில், பாரம் விழும் இடத்தில், இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் செங்கல் கட்டுவதுபோல மாறி மாறி இருக்கும் பலகையாகப் பார்த்து எடுங்க.

எங்கள் பலகை இப்போது கோயில் பின்னறையில் குச்சிமேல் படுத்திருக்கிறது. பெரியவர்தான் தினமும் புரட்டி வைக்கிறார். அதுவரை தேவாரப் புத்தகங்கள் பிஸ்கட் பெட்டியில்தான்.