செல்லுக்கு ஒரு பெயர்: மதிப்பெண் பட்டியலில் கடைசிக் குழந்தையும் விடுபடாதிருக்க

மதிப்பெண் பட்டியலுக்கு எக்செல் பயன்படுத்தாத பள்ளி இன்று அரிது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 எனப் பதிவு செய்கிறோம். கூட்டலையும் சராசரியையும் அட்டவணைச் செயலி பார்த்துக்கொள்கிறது. அடுத்த படியாக, கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் மேக்ரோ எழுதித் தருகிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் கூடுதல் கவனம் தேவைப்படும் மாணவர்களின் செல்கள் மஞ்சளாகின்றன. அந்தக் கோப்பு பள்ளி விட்டுப் பள்ளி பயணிக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த மஞ்சள் நிறத்தை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நான் பணியாற்றும் வெலிங்டனில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மதராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியும் உள்ள ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பெற்றோரின் பணி மாறுதலால் ஆண்டின் நடுவில் பிள்ளைகள் வருவதும் போவதும் வழக்கம். ஜூன் மாதம் 30 பேர் இருந்த பட்டியலில் அக்டோபரில் 32 பேர் இருப்பார்கள். புதிதாக வந்த இருவரின் பெயரும் பட்டியலின் அடியில்தான் சேரும். பாடத்திட்டம், நண்பர்கள், சில வேளை பயிற்று மொழி என எல்லாமே மாறி வந்திருக்கும் அவர்களுக்குத்தான் நம் கவனம் அதிகம் தேவை. மேக்ரோ அவர்களைப் பார்க்காமல் போனால் அதை வெறும் கணினிப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது?

எனக்கு வந்து சேர்ந்த ஒரு கோப்பின் மேக்ரோவில் "டி5:டி34" என்று நேரடியாக முகவரி எழுதியிருந்தது. 30 மாணவர்களுக்கு 30 செல்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் இந்த முகவரி மேக்ரோவைப் பொறுத்தவரை வெறும் எழுத்துகள். பணித்தாளில் நாம் செய்யும் மாற்றம் அதற்குத் தெரியாது.

பெயருக்கு அருகில் எமிஸ் எண்ணுக்காக ஒரு நெடுவரிசையைச் செருகுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் டி-யிலிருந்து ஈ-க்கு நகர்கின்றன. தாளில் உள்ள சூத்திரங்கள் தாமாகவே திருத்திக்கொள்ளும். மேக்ரோ மட்டும் பழைய டி நெடுவரிசையையே வாசித்துக்கொண்டிருக்கும். அங்கேயும் எண்கள் இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடை அமைதியாக வந்துவிடும். 35, 36ஆம் வரிசைகளில் சேர்ந்த இரு பிள்ளைகளின் கதையும் அப்படித்தான்.

தீர்வு எளிது. முகவரிக்குப் பதில் பெயர் சூட்டுவது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்குப் பயணச்சீட்டு வாங்குபவர் "வெலிங்டன்" என்றுதான் கேட்பார். எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. செல்களையும் அப்படிப் பெயரால் அழைக்கலாம்.

பெயர் சூட்டும் முறை

1. மதிப்பெண் உள்ள செல்களைத் தேர்ந்தெடுக்கவும்.
2. சூத்திரப் பட்டையின் இடப்பக்கம், செல் முகவரி தெரியும் சிறு பெட்டியைச் சொடுக்கவும். இதுவே பெயர்ப் பெட்டி.
3. பெயரைத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தவும். என்டர் அழுத்தாமல் வேறிடத்தைச் சொடுக்கினால் பெயர் பதியாது.

சரிபார்க்க, பெயர்ப் பெட்டியின் அம்புக்குறியைச் சொடுக்கி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். எந்தெந்தச் செல்கள் அதில் அடங்கும் என்பது திரையில் தெரியும். கன்ட்ரோல், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எல்லாப் பெயர்களின் பட்டியலும் வரும். திருத்துவதும் நீக்குவதும் அங்கேதான்.

பெயருக்குச் சில விதிகள் உண்டு. இடைவெளி கூடாது, அடிக்கோடு இடலாம். எண்ணில் தொடங்கக் கூடாது. செல் முகவரி போல இருக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியில்தான் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுவார்கள். எக்செல் 2007 முதல் ஒரு தாளில் 16,384 நெடுவரிசைகள் உள்ளன. கடைசி நெடுவரிசை எக்ஸ்எஃப்டி. ஆகவே டிஏஎம்10, எம்ஏடி8, எஸ்டிடி10 ஆகிய மூன்றும் உண்மையான செல் முகவரிகள்! பாடத்தின் மூன்றெழுத்தும் வகுப்பு எண்ணும் சேர்ந்த இப்பெயர்களை எக்செல் ஏற்காது. நடுவில் ஓர் அடிக்கோடு இட்டால் போதும்.

மேக்ரோவில் பயன்படுத்தும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். எக்செல்லின் மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் எழுத்தைக் கேள்விக்குறிகளாகக் காட்டும். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதலாம்.

மேக்ரோ

தொகுத்தறி மதிப்பெண் உள்ள செல்களுக்குத் "தொகுத்தறி" என்றும், தனியாக ஒரு செல்லுக்கு "எல்லை" என்றும் பெயர் சூட்டுவோம். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழ் இருந்தால் கவனம் தேவை என்பதை எல்லை செல்லில் இடுவோம். கீழே ஒலிபெயர்ப்பாக உள்ள வரிகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

சப் கவனப்பட்டியல்()
டிம் செல் ஆஸ் ரேஞ்ச்
ரேஞ்ச்("தொகுத்தறி").இன்டீரியர்.கலர்இண்டெக்ஸ் = எக்ஸ்எல்நன்
ஃபார் ஈச் செல் இன் ரேஞ்ச்("தொகுத்தறி")
இஃப் ஒர்க்ஷீட்ஃபங்ஷன்.இஸ்நம்பர்(செல்) தென்
இஃப் செல்.வேல்யூ < ரேஞ்ச்("எல்லை").வேல்யூ தென் செல்.இன்டீரியர்.கலர் = விபிஎல்லோ
எண்ட் இஃப்
நெக்ஸ்ட் செல்
எண்ட் சப்

மூன்றாம் வரி, சென்ற முறை இட்ட நிறத்தை நீக்குகிறது. இல்லாவிட்டால் முன்னேறிய மாணவரின் செல்லும் மஞ்சளாகவே நிற்கும். ஐந்தாம் வரி, செல்லில் எண் இருக்கிறதா என்று பார்க்கிறது. இது முக்கியம். வெற்றுச் செல்லை மேக்ரோ சுழியமாக எடுத்துக்கொள்ளும். தேர்வுக்கு வராத பிள்ளை சுழியம் எடுத்ததாக ஆகிவிடக் கூடாது. எல்லையை மாற்ற வேண்டுமானால் தாளில் ஒரு செல்லை மாற்றினால் போதும். மேக்ரோ தெரியாத ஆசிரியரும் இதைச் செய்யலாம்.

கோப்பைச் சேமிக்கும்போது மேக்ரோவுக்குரிய வகையைத் (எக்ஸ்எல்எஸ்எம்) தேர்ந்தெடுங்கள். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேமித்தால் மேக்ரோ நீங்கிவிடும்.

கடைசி வரிசை: கூடுதல் கவனம்

பெயரிட்ட பகுதியின் நடுவில் ஒரு வரிசையைச் செருகினால் அப்பகுதி தானாக விரியும். ஆனால் கடைசி மாணவருக்குக் கீழே புதிய பெயரைத் தட்டச்சு செய்தால் விரியாது. பெயர் சூட்டியதாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணினால், நாம் காக்க நினைத்த அதே பிள்ளை மறுபடியும் வெளியே நிற்பார்.

இதற்கு எளிய வழி, காப்பு வரிசை. பெயர் சூட்டும்போது கடைசி மாணவருக்குக் கீழே ஒரு வெற்று வரிசையையும் சேர்த்து, டி5 முதல் டி35 வரை தேர்ந்தெடுங்கள். 35ஆம் வரிசையில் வரிசை எண் இடத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி இடுங்கள். புதியவர் எவர் வந்தாலும் நட்சத்திர வரிசைக்கு மேலே ஒரு வரிசையைச் செருகிப் பதிய வேண்டும் என்பது விதி. அப்போது ஒவ்வொரு புதிய பெயரும் பகுதியின் நடுவில்தான் சேரும்.

கூடவே ஒரு சோதனையும் வைப்போம். மாணவர் பெயர்கள் உள்ள செல்களுக்கும், காப்பு வரிசையைச் சேர்த்து, "பெயர்கள்" என்று பெயர் சூட்டுங்கள். தாளின் மேலே ஒரு செல்லில் =கவுண்ட்ஏ(பெயர்கள்) என்ற சூத்திரத்தை இடுங்கள். வெற்றுச் செல்லை இது எண்ணாது. வரும் எண் வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையோடு பொருந்தினால்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்

வெலிங்டன் படைமுகாம் தொடக்கத்தில், அருகிலுள்ள ஜெகதளாவின் பெயரால்தான் அழைக்கப்பட்டது. வெலிங்டன் என்பது பின்னர் வந்த பெயர். பெயர் மாறினால் பழைய பெயரில் வரும் கடிதம் தடுமாறும் அல்லவா? இங்கும் அப்படித்தான். பெயர்ப் பட்டியலில் ஒரு பெயரைத் திருத்தினால் தாளின் சூத்திரங்களில் அது தானாக மாறும், மேக்ரோவில் மாறாது. அங்கு நாம்தான் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் 1004 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வரும். அமைதியான தவறான விடையைவிட இந்தப் பிழைச் செய்தி நல்லது.

இரண்டாவது, தாளை நகலெடுப்பது. 8 அ பிரிவின் தாளை அதே கோப்பில் நகலெடுத்து 8 ஆ என்று மாற்றினால், புதிய தாளுக்கும் அதே பெயர் தனியாக உருவாகிவிடும். இப்போது ஒரே பெயரில் இரண்டு பகுதிகள். ரேஞ்ச் என்பதற்கு முன் ஒர்க்ஷீட்ஸ்("8 ஆ") என்பதுபோலத் தாளின் பெயரையும் குறிப்பிட்டால் குழப்பம் இராது. தாளின் பெயரையும் அப்போது ஆங்கில எழுத்திலேயே வைக்க வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தும் பள்ளிகளிலும் பெயர்ப் பெட்டியும் பெயர் சூட்டும் முறையும் இதேபோல்தான். மேக்ரோ வரிகள் மட்டும் வேறுபடும்.

வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டலாம். குன்னூர்ப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியமானது. அக்டோபர் மாத மழையளவை நாள்தோறும் குறித்து, அந்தச் செல்களுக்கு "மழை" என்று பெயர் சூட்டச் சொல்லுங்கள். பிறகு =சம்(மழை) என்று எழுதட்டும். விடுபட்ட ஒரு நாளை நடுவில் செருகட்டும். நவம்பர் 1ஆம் தேதியைக் கீழே சேர்க்கட்டும். எந்த நாளின் மழை கூட்டலில் சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும். கணினி தந்த விடையை அப்படியே ஏற்காமல் சரிபார்க்கும் பழக்கம் இதிலிருந்தே தொடங்கும்.

இந்தப் பருவத்துக்கான மதிப்பெண் கோப்பைத் திறக்கும்போது, மேக்ரோவில் மேற்கோள் குறிக்குள் ஏதேனும் செல் முகவரி இருக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். இருந்தால், அதைப் பெயராக மாற்ற அரை மணி நேரம் போதும்.