மழலையர் டீச்சர் ஆகணுமா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி போனைத் திறங்க

"ஆறே மாதத்தில் மழலையர் ஆசிரியர் டிப்ளமா, அரசு அங்கீகாரம், வேலை உறுதி." பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தொடங்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைங்கன்னா பிடிக்கும், அந்த வேலைக்கே போகணும் என்று நினைக்கிற பலர் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கும் அந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்பதைப் பலர் பிறகுதான் விசாரிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுவோம். முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். அப்புறம் கோர்ஸைப் பார்க்கலாம்.

அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு அந்த டிப்ளமா தேவையே இல்லை. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த அறிவிப்பில் பணியாளருக்குக் கல்வித் தகுதி 12ஆம் வகுப்புத் தேர்ச்சி. உதவியாளருக்கு 10ஆம் வகுப்பு. பணியாளருக்குப் பொதுவான வயது வரம்பு 25 முதல் 35. அதே ஊரில் அல்லது பக்கத்து ஊரில் குடியிருக்க வேண்டும் என்பதும் முக்கியமான நிபந்தனை. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் அறிவிப்பை முழுசாகப் படித்துவிடுங்கள்.

பள்ளிகளில் மழலையர் ஆசிரியர் ஆவதற்கு என்றே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., வகுத்த படிப்பு ஒன்று உண்டு: இரண்டு ஆண்டு மழலையர் கல்வி டிப்ளமா. 12ஆம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அந்தக் குழுமத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. போனில் ஐந்து நிமிஷ வேலை. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். தொடக்கக் கல்வி டிப்ளமா என்பது ஒன்றாம் வகுப்பில் இருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி.க்கும் அதுவும் ஒன்றல்ல.

மாண்டிசோரி? மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த முறை ஆழமானது, படிக்க வேண்டியது. ஆனால் அந்தப் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். போர்டை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

சரி, காசில்லாமல் எங்கே கற்பது?

என் முதல் சிபாரிசு, நம் மாநில அங்கன்வாடிகளுக்காகவே உருவாக்கிய "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டம். மாதத்துக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று போகும். தமிழில் இருக்கிறது, நம் வீட்டுப் பொருள்களை வைத்தே செய்யலாம். பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-ல் வெளியிட்ட இரண்டு ஆவணங்கள். "நவ்சேதனா" பிறப்பு முதல் 3 வயது வரைக்கானது. 36 மாதங்களுக்கு மாதவாரியாகச் செயல்பாடுகள். "ஆதார்ஷிலா" 3 முதல் 6 வயதுக்கானது. 48 வாரத் திட்டம். இதில் எனக்குப் பிடித்தது முதல் நான்கு வாரம். எழுத்தும் கிடையாது, எண்ணும் கிடையாது. வீட்டை விட்டு வந்து அழுகிற பிள்ளை, இடத்துக்கும் டீச்சருக்கும் பழகுவதற்கு மட்டுமே அந்த நேரம். முதல் நாளே சிலேட்டைக் கையில் திணிக்கிற நம் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமே கூடாது என்கிறது. விரல் தசைகள் தயாராகும் முன் பென்சில் பிடிக்க வைத்தால் பிள்ளைக்கு வலியும் வெறுப்பும்தான் மிஞ்சும். களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, புளியங்கொட்டை பொறுக்குவது எல்லாமே எழுத்துக்கான பயிற்சிதான். "என்ன மிஸ், இன்னும் அ, ஆ எழுதவே இல்லையா?" என்று கேட்கும் பெற்றோரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

படித்ததைச் செய்து பார்க்கவும் வேண்டுமே. பிரதம் புக்ஸ் நடத்தும் "ஸ்டோரிவீவர்" தளத்துக்குப் போங்கள். மொழியில் தமிழ், நிலையில் 1 என்று தேர்ந்தெடுத்தால் நிறைய படக்கதைகள் வரும். இலவசம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு கதையை எடுத்துப் பக்கத்து வீட்டு நாலு வயசுப் பிள்ளையிடம் உட்காருங்கள். வாசித்துக் காட்டிவிடாதீர்கள். படத்தைக் காட்டி "இங்க என்ன நடக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்! நாம் இரண்டே வினாடியில் பதிலைச் சொல்லிவிடுவோம். பத்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே, திருத்தாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் சிரித்தது, எங்கே எழுந்து ஓடியது என்பதையும் சேர்த்து. ஒரு மாதம் எழுதினால், குழந்தையைக் கவனிக்கும் கண் உங்களுக்கு வந்துவிடும். இண்டர்வியூவில் காட்டுவதற்கும் அந்த நோட்டு உதவும்.

பழைய தீக்குச்சி, செய்தித்தாள், ஸ்ட்ரா வைத்து விளையாட்டுப் பொருள் செய்ய அரவிந்த் குப்தாவின் இணையதளம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலைக் கல்விப் பகுதி உண்டு. இக்னோவின் மழலையர் பராமரிப்பு, கல்வி டிப்ளமாவுக்கு 12ஆம் வகுப்பு போதும். அதன் பாடங்களைச் சேராமலே "இ-ஞான்கோஷ்" தளத்தில் ஆங்கிலத்தில் படிக்கலாம். கிஜுபாய் எழுதிய "பகல் கனவு" தமிழிலும் கிடைக்கிறது. கதை நாலாம் வகுப்பைப் பற்றியது, ஆனாலும் எந்த டீச்சரும் ஒருமுறை படிக்கலாம்.

ஒன்றை மட்டும் எந்தக் கோர்ஸுக்கும் காத்திருக்காமல் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

இத்தனைக்கும் பிறகு கோர்ஸில் சேர முடிவு செய்தால் தாராளமாகச் சேருங்கள். சேரும் முன் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: எந்த அமைப்பின் அங்கீகாரம், அதன் உத்தரவு எண் என்ன? நிஜப் பிள்ளைகளோடு எத்தனை நாள் பயிற்சி, எந்தப் பள்ளியில்? பாதியில் நின்றால் எவ்வளவு பணம் திரும்ப வரும்? பதிலை எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் சேர்ந்தப்புறம் சொல்றோம்மா" என்று பதில் வந்தால், ஃபீஸ் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.