ஆழ்கடலுக்கு ஏற்ற படகமைப்பு

பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் பட்டை புண்படும். நாளடைவில் அது ஆறிவிடும். கடலுக்குச் செல்லும் படகைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ, போன உயிர் திரும்பி வாராது. தோட்ட வேலையிலிருந்து மீன்பிடித் தொழிலுக்கு மாற விரும்பும் இளைஞர்களும், கூட்டாகப் பணம் சேர்த்துப் பழைய படகு வாங்க எண்ணும் குடும்பத்தாரும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். விலையையும் வண்ணப் பூச்சையும் பார்ப்பதற்கு முன்னர், படகின் அமைப்பைப் பார்த்தல் வேண்டும்.

முதலில் உரிமம்

மலேசியா 1980ஆம் ஆண்டில் 200 கடல் மைல் வரையிலான தனிப் பொருளாதார மண்டலத்தைப் பிரகடனம் செய்தது. 1985ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டப்படி படகுக்கும் வலைக்கும் உரிமம் தேவை. எந்தப் படகு எந்தக் கடற்பகுதியில் எந்த வலையைப் பயன்படுத்தலாம் என்பது அவ்வுரிமத்தைப் பொறுத்தது. எனவே, மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து அறியாமல் முன்பணம் கொடுத்தல் கூடாது.

தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். 30 கடல் மைல் என்பது ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மணிக்கு 8 கடல் மைல் ஓடும் படகு கரை திரும்ப நான்கு மணி நேரம் ஆகும். காற்று நமக்காக நான்கு மணி நேரம் காத்திராது.

சுக்கான் அறை எங்கே?

படகோட்டி நிற்கும் அறை முன்புறம் இருந்தால் பின்தளம் அகலமாகக் கிடைக்கும். பின்புறமாக இழுவலை போடுவோர்க்கு இது வசதி. எதிரே வரும் அலையும் பிற படகுகளும் நன்கு தெரியும். தளத்தில் வேலை செய்வோர்மீது நீர்த்துளி குறைவாகவே தெறிக்கும். ஆயினும், முன்பகுதி மிகுதியாக எழுந்து தாழுமாதலால் படகோட்டி விரைவில் களைப்படைவார். பின்புறச் சாளரம் இல்லையேல், வலையிழுக்கும் தோழர்கள் அவர் கண்ணில் படமாட்டார்கள்.

அறை பின்புறம் இருந்தால் ஆட்டம் குறையும். தோழர் அனைவரும் கண்ணெதிரே இருப்பர். முன்புறமிருந்து செவுள்வலை இழுப்போர்க்கு இவ்வமைப்புப் பொருந்தும். ஆனால் தளத்தில் குவியும் வலையும் பெட்டிகளும் முன்பார்வையை மறைக்கக்கூடும். ஆகவே, முதலில் வலையைத் தீர்மானியுங்கள். அதற்கேற்ற படகைப் பின்னர் தேடுங்கள்.

மீன் அறை

மீனும் பனிக்கட்டியும் வைக்கும் அறை படகின் நடுவில் இருப்பது நல்லது. முன்புறம் இருந்தால், நிறைந்தவுடன் படகின் தலை தாழ்ந்து அலையைக் குத்தும். பின்புறம் இருந்தால், பின்பகுதி அமிழ்ந்து அலை உள்ளே ஏறும். இயந்திர அறைக்கும் மீன் அறைக்கும் இடையே வெப்பத்தையும் நீரையும் தடுக்கும் உறுதியான சுவர் வேண்டும்.

மீன் அறையினுள் தடுப்புப் பலகைகள் இருத்தல் இன்றியமையாதது. காண்டா வாளி சுமந்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பாதி நிறைந்த வாளியில் பால் ஒருபக்கம் சாயும்போது சுமப்பவரையும் அப்பக்கமே இழுக்கும். படகினுள் தேங்கும் நீரும், தடுப்பின்றிச் சரியும் மீனும் அவ்வாறே படகை ஒருபுறம் சாய்த்துவிடும்.

பாரம் கீழே இருக்கட்டும்

மேல்தட்டில் புதிதாகக் கட்டிய அறை, கூரைமேல் ஏற்றிய நீர்த்தொட்டி, உயரத்தில் அடுக்கிய வலை ஆகியவை படகைத் தலைபாரமாக்கும். பழைய படகுகளில் இத்தகைய மாற்றங்கள் நடந்துள்ளனவா என்று கேளுங்கள். அமைதியான நீரில் கட்டுக்கயிற்றைத் தளர்த்திப் படகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சட்டென்று நிமிர்ந்தால் நன்று. சாய்ந்தபடி தயங்கி, மெல்ல நிமிரும் படகு ஐயத்திற்குரியது.

திரும்பும் பயணத்தில் கவனம் மிகுதியாக வேண்டும். அடியிலிருந்த எரிபொருளும் பனிக்கட்டியும் குறைந்திருக்கும். தளத்தின்மேலோ மீன் குவிந்திருக்கும். நிறைய மீன் கிடைத்த நாளே ஆபத்து மிகுந்த நாளாகலாம். தளத்து நீர் வெளியேறும் துவாரங்களை ஒருபோதும் அடைத்தல் கூடாது. அறைமூடிகள் உயர்ந்த விளிம்புடன், இறுக மூடத்தக்கனவாய் இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்துக் கொந்தளிப்பில் நல்ல படகும் கரையில் இருப்பதே அறிவுடைமை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. உரிமம் நம் பெயருக்கு மாறுமா?
2. நாம் பயன்படுத்தவிருக்கும் வலைக்கு இத்தளம் ஏற்றதா?
3. மீன் அறை நடுவில், தடுப்புகளுடன் உள்ளதா?
4. மேலே கூடுதல் பாரம் ஏற்றப்பட்டுள்ளதா?
5. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா?

ஐந்திற்கும் நிறைவான விடை கிடைத்த பின்னரும், அனுபவமிக்க படகோட்டி ஒருவரை அழைத்துச் சென்று, பாரமேற்றிய படகை ஓட்டிப் பாருங்கள். குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அப்படகில் இருக்கிறது; அதில் ஏறப்போகிறவர் நம் பிள்ளைகள். ஆராய்ந்து வாங்குவதில் ஒரு மாதம் தாமதமானால் அது நட்டமன்று.