காட்டுப்பள்ளியில் மறுபடி ஷூட்டிங்கா?

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் எடுத்த ஃபேஷன் படத்தில் ஒரு காட்சி சரியாக அமையவில்லை, திரும்ப எடுக்க வேண்டும். வண்டி பிடிப்பதற்கு முன் பழைய காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். துணியை மட்டும் பாருங்கள். முந்தானை எந்தத் தோளில், எத்தனை மடிப்பு, கொசுவத்தில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது? எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். காட்டுப்பள்ளியில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் ஒளி அலைப்பக்கமிருந்து வரும். மாலையில் சூரியன் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் இறங்கிவிடும். காலை ஷாட்டோடு மாலை ஷாட் ஒட்டவே ஒட்டாது. மாதங்கள் தள்ளிப்போனால் உதிக்கும் இடமும் நகரும்: ஜூனில் வடகிழக்கு, டிசம்பரில் தென்கிழக்கு.

கோடையில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழும். ஷிஃபான் அழகாகப் பறக்கும். பட்டோ உப்பு ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வெள்ளி ஜரிகை நாளடைவில் கறுக்கும். அதே துணியில் இன்னொரு செட் இல்லாமல் கிளம்பாதீர்கள். எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

பின்னணியில் துறைமுகக் கிரேன்கள் தெரிந்தால், கைகள் தூக்கியிருந்தனவா தாழ்ந்திருந்தனவா என்பதையும் குறியுங்கள். துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் பாதுகாப்புப் பகுதிகள். போன முறை வாங்கிய அனுமதியின் தேதியைப் பாருங்கள், டிரோனுக்குத் தனியாகக் கேளுங்கள்.

மணலில் வலை காய்ந்தால் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். தயவுசெய்து வலையை மிதிக்காதீர்கள்.